மன்னிப்பு கிடைத்தும் பழைய தவறு மனதைவிட்டுப் போகவில்லையே?

"தேவன் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன், ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேதாகமத்தில், பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் (3:13) "பின்னானவைகளை மறந்து" என்கிற அப்போஸ்தலன் பவுல், அதற்குச் சற்று முன்னால், 6-ஆம் வசனத்தில், சபையைத் துன்பப்படுத்தியதைத் தானே சொல்கிறார். அப்படியென்றால் நினைவு அழிய வேண்டியதில்லை.

எனக்கு நெருக்கமானவர் இயேசுவின் சீடர் பேதுருதான். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் அவர் மறுதலித்த ராத்திரியில் குளிர்காய்ந்தது கரிநெருப்பில் (யோவான் 18:18). திபேரியா கடற்கரையில் இயேசு மீன் வைத்திருந்ததும் கரிநெருப்பின்மேல்தான் (21:9). அந்தப் புகை வாசனையே அவரைக் குத்தியிருக்கும், பாவம்! இயேசுவோ முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். அப்புறம்தான் "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் தம் ஆடுகளை, அதாவது தம்மைப் பின்பற்றுகிறவர்களை, அவரிடமே ஒப்படைத்தார்.

நீங்களும் அந்தத் தவறைப் பெயர் சொல்லியே ஜெபியுங்கள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.