எண்ணூர் அக்கா வீட்டுக் காற்று சென்சாரையும் வேலூர் சென்சாரையும் ஒப்பிடலாமா?

எண்ணூரில் அக்கா வீட்டிலும் வேலூரில் உங்கள் வீட்டிலும் ஒரே மாதிரி சென்சார். விடியற்காலையில் இரண்டுமே எகிறுகின்றன, நம்பலாமா என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்து எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சிறு கருவிகள் தூசியை எடை போடுவதில்லை. உள்ளே ஒரு லேசர்; துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துத்தான் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரான் வரையிலான நுண்துகள் கணக்கு. கடற்கரைக் காற்றில் உப்புத் துகள் அதிகம். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சி உப்பிவிடும். தூசியே கூடிவிட்டதாகக் கருவி காட்டும். அரசு நிலையங்களில் ஈரத்தைப் போக்கிய பிறகே அளப்பார்கள்.

வேலூரில் உப்பு பெரிய விஷயமில்லை. ஆனால் மார்கழி விடியலில் பனியோடு நிஜமான புகையும் சேரும். குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடுவதால் குப்பை எரித்த புகையும் லாரிப் புகையும் மேலே ஏறாமல் நிற்கும். அதனால் இங்கே எகிறுவது முழுக்கப் பொய்யில்லை.

சரி, கருவியைச் சமையலறை ஜன்னலை விட்டுத் தள்ளி, வெயில் மழை படாமல் சன்ஷேடுக்கு அடியில் மாட்டுங்கள். அப்புறம் அதன் 24 மணி நேரச் சராசரியை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் வேலூர் வசந்தபுரம் நிலையம் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். ஏக்யூஐ எனும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணும் மைக்ரோகிராமும் வேறு வேறு, கலந்துவிடாதீர்கள். பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரிக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன்.

வேலூர்ப் பக்கம் தோல் பதனிடும் இடங்களிலிருந்து வரும் நாற்றம் வாயு. இந்தக் கருவியில் அது சிக்காது. நேரத்தையும் காற்று வீசிய திசையையும் குறித்துவைத்து தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுங்கள்.