தோல் பையைக் கழற்றிய பிறகு

கேள்வி: என் கணவர் 31 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மன்னார்குடி - தஞ்சாவூர் ரூட். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கடைக்குப் பணம் கொடுத்தால் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்கிறார். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்பவர்களிடம் ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்கிறார். மகனுக்குச் சங்கடமாக இருக்கிறது. எனக்கும் மூன்றரைக்கே தூக்கம் போய்விடுகிறது. இந்தப் பழக்கத்தை மாற்ற முடியுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா.

நான் 1971-இல், பதினாறு வயதில், அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தவன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கும் வேலை. எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எது இருக்கிறது என்று கண் தேடாது, கை தானாகப் போகும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ‘லை’க்கும் ‘னை’க்கும் இருந்த தும்பிக்கை போன்ற வளைவு போனது. புது எழுத்து எங்கள் அச்சகத்துக்கு வந்த பிறகும் என் கை பல மாதம் பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றும் எதிரே ஆம்புலன்ஸ் வந்தால், முன்பக்கம் திருப்பி எழுதியிருப்பதை நேர் எழுத்தைப் போலப் படித்துவிடுகிறேன். யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் மனசு நிறைந்துவிடும்.

உங்கள் கணவரின் விரல்களும் அப்படித்தான். ஆடும் பஸ்ஸில் நின்றபடி நோட்டு, சில்லறை, டிக்கெட் எல்லாம் கையாள வேண்டும். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கு எழுத வேண்டியிருந்தது. டிப்போவில் பணம் கட்டும்போது குறைந்தால் கைக்காசு போக வேண்டும். அந்தக் கவலையில் பழகிய விரல் அது. ‘உள்ளே போங்க’ என்பதும், படியில் தொங்குகிற பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று தினமும் கத்திக் கத்தி வாயில் தங்கிய வார்த்தை. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் மனதில் நின்றது அந்த வரிதான். முதல் டிரிப்புக்கு டிபன் கட்டிக்கொடுக்க 31 வருஷம் நீங்களும் எழுந்திருக்கிறீர்கள். அவருக்கு மாலை போட்டு வழியனுப்பியிருப்பார்கள். உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, உங்கள் உடம்பு இன்னும் டூட்டியில் இருக்கிறது.

நாளைக்கு மூன்றரைக்கு இரண்டு டம்ளர் காபி போடுங்கள். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வரை ஸ்டேஜ்களை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், யாருக்கு எப்போதும் சில்லறை பாக்கி என்பதெல்லாம் வரும். அப்புறம் எந்தெந்த நாளில் என்ன டிபன் கட்டினீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். பேச்சுச் சத்தத்தில் மகன் எழுந்துவிட்டால் அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்து உட்கார வையுங்கள்.