மரம் பார்க்கும் வேலை: குடியாத்தம் அம்மாவுக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து பையன் தன் மாமாவோடு மரம் வெட்டப் போகிறான், இன்ஜினியரிங் விண்ணப்பம் போடச் சொன்னால் காதிலேயே வாங்கவில்லை, "மரத்தைப் பராமரிப்பதே ஒரு தொழில், வெளிநாட்டில் அதற்குச் சர்டிபிகேட் இருக்கிறது" என்கிறான், இது உண்மையா, இல்லை யாராவது அவன் மனசைக் கலைத்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையில் அடிபட்டுவிடுவானோ, இதில் வருமானம் வருமா என்று இரண்டு பயங்களையும் சொல்லி, கடைசி வரியில், "மரம் வெட்டுறவனுக்கு யார் சார் பொண்ணு கொடுப்பாங்க?" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. சமையல் வேலையையும் ஊர் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியது. இப்போது பெற்றோரே கேட்டரிங் படிப்புக்கு இடம் கேட்டு வருகிறார்கள். மற்றதற்குப் பதில் சொல்கிறேன்.

தம்பி சொல்வது உண்மைதான். 1924-இல் அமெரிக்காவில் தொடங்கி இப்போது பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் ஐ.எஸ்.ஏ. என்ற மரப் பராமரிப்பாளர் சங்கம், 'சர்டிஃபைட் ஆர்பரிஸ்ட்' என்று ஒரு சான்று தருகிறது. மூன்று வருஷம் முழுநேர வேலை அனுபவம் இருந்தால் தேர்வு எழுதலாம். படிப்பையும் அனுபவத்தையும் சேர்த்துக் காட்டியும் எழுதலாம். தேறினாலும் ஆயுசுக்கும் செல்லாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குள் புதிதாக என்ன கற்றுக்கொண்டார் என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவிலும் இதை வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒருவரை நான் சர்டிபிகேட்டை வைத்து எடை போடுவதில்லை. அவருக்குக் கூலி எதிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன்.

நம் பக்கத்தில் மரம் வெட்டும் பேரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "காசு எதுவும் வேண்டாம், மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்பார் வெட்டுபவர். வேம்போ புளியோ நல்ல பருமனாக இருந்தால் மேற்கொண்டு வீட்டுக்காரர் கையில் பணமும் கொடுப்பார். அடிக்கட்டை மரவாடிக்குப் போகும். மிச்சம் செங்கல் சூளைக்கோ விறகுத் தொட்டிக்கோ போகும். இதில் குற்றம் ஒன்றுமில்லை, வியாபாரம். ஆனால் அப்படிப்பட்டவரிடம் போய், "இந்த மரம் நல்லா இருக்கா, விழுந்துடுமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "இது நல்ல மரம், விட்டுடுங்க" என்றால் அன்றைக்கு அவர் வண்டி காலியாகத் திரும்ப வேண்டும். அதனால் மாமா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விறகில் கூலி வாங்கும்வரை அவர் சொல்லும் யோசனைக்கு ஒரு பக்கச் சாய்வு இருந்தே தீரும். மரப் பராமரிப்பை முழுத்தொழிலாகச் செய்பவர் வாங்குவது யோசனைக்கும் உழைப்புக்குமான கூலி. விறகு வீட்டுக்காரருடையது.

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். மைதானத்து ஓரத்தில் வயசான தூங்குமூஞ்சி மரம். மழையில் ஒரு கிளை முறிந்து விழுந்ததும் நிர்வாகத்துக்குப் பயம் வந்துவிட்டது. இலவசமாக வெட்டித் தர ஒருவர் தயாராக இருந்தார். அதற்கு முன்னால் யாரோ சொல்லி, இந்தத் தொழிலை முறையாகக் கற்ற ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் அண்ணாந்தே பார்க்கவில்லை. முதலில் அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த இடம் விரிந்து வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். விரியாமல் நேராக மண்ணுக்குள் போனால் யாரோ மண் கொட்டி மேடாக்கிப் புதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் மரச் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று கேட்டது, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அடியில் காளான் பூத்திருக்கிறதா என்று பார்த்தார். "இந்தப் பக்கம் பைப் லைனுக்குத் தோண்டினீங்களா? எப்போ?" என்று கேட்டார். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கும், கிளை நிழலையும் தாண்டிப் போகும். பாதாளச் சாக்கடைக்கோ கேபிளுக்கோ ஒரு பக்கம் தோண்டிவிட்டால், அந்தப் பக்கம் பிடிமானம் போனது வெளியே தெரியவே தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி, மேலே காற்றும் அடிக்கும்போதுதான் தெரியும்.

கடைசியாகத்தான் மேலே பார்த்தார். அப்புறம் மறுபடியும் கீழே. கிளைக்கு நேர்க் கீழே சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தால் பிள்ளைகள் அங்கேதான் உட்காருவார்கள். அவர் எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம். சைக்கிள் ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், மைதானத்துப் பக்கம் நீண்டிருக்கும் ஒரு கிளையை மட்டும் நீளம் குறைக்க வேண்டும், தண்டை ஒட்டி வைத்த பேவர் பிளாக்கை எடுத்துவிட வேண்டும், பருவமழை முடிந்ததும் மறுபடி வந்து பார்க்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி வழக்கில் 2013-இலேயே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் பிளாக் போடுபவர்கள் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை. மரம் விழுமா என்பதோடு, விழுந்தால் எதன் மேல் விழும் என்பதும் சேர்ந்ததுதான் ஆபத்து. ஸ்டாண்டை நகர்த்தினாலே பாதி ஆபத்து போய்விடுகிறது.

தலைமை ஆசிரியர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "வெட்டாததுக்கா சார் காசு?"

உங்கள் இரண்டாவது பயத்துக்கு, அதாவது வருமானத்துக்கு, நேர்மையான பதில் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டுக்காரர்கள் யோசனைக்குக் காசு கொடுத்துப் பழகவில்லை. கொடுக்கக்கூடியவர்கள் பெரிய கல்லூரி, மருத்துவமனை, ஆலை வளாகங்களும் அடுக்குமாடிச் சங்கங்களும், சாலை விரிவாக்கத்தில் மரத்தை வேரோடு பெயர்த்து நடும் ஒப்பந்தக்காரர்களும். அவர்களுக்கு ஒரு கிளை விழுந்து ஆள் அடிபட்டால் வரும் செலவு தெரியும். முதல் சில வருஷம் கை கடிக்கும். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நான் தயாரில்லை.

சரி, மாமாவிடம் தம்பி எதைக் கற்கலாம், எதைக் கற்கக் கூடாது? கயிறு போடுவது, முடிச்சு, கிளையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்ற கணக்கு, இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் மாமா அளவுக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்காது. வெட்டை மட்டும் வேறு இடத்தில் கற்கட்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே உப்பலாக ஒரு வளையம் இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் மரம் காயத்தைச் சுற்றித் தானே மூடிக்கொள்ளும். நம் ஆட்கள் 'சுத்தமா இருக்கட்டும்' என்று வளையத்தையும் சேர்த்துத் தண்டோடு இழைத்துவிடுவார்கள். அந்தக் காயம் மூடாது, உளுத்துப்போகும். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துக் கண்டது இதுதான். நம் தோல் போல மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. நாம் வெட்டும் இடம் தப்பினால் அந்தத் தடுப்பு உடைகிறது. மேலே தார் பூசினாலும் பெயின்ட் அடித்தாலும் உளுப்பு நிற்காது. மாந்தோப்பில் பூசணத்துக்குப் போடும் போர்டோ பசை வேறு விஷயம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் இறக்குவதும் கூடாது. முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு அதற்கும் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை விழுந்துவிடும். மிஞ்சிய முண்டை வளையத்தை ஒட்டி எடுக்க வேண்டும். அந்த முதல் கீழ்வெட்டு இல்லாவிட்டால், விழும் கிளை தன் பாரத்தில் பட்டையைத் தண்டின் பாதிவரை உரித்துக்கொண்டு போகும். எந்தத் தெருவிலும் நடந்து பாருங்கள், இப்படி உரிந்த வேம்பு ஒன்றாவது கண்ணில் படும்.

மொட்டையடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்கம்பிக்குக் கீழே நிற்கும் மரத்தின் தலையைச் சீவிவிட்டால் அடுத்த மழைக்குக் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். பார்க்கப் பச்சையாக இருக்கும். ஆனால் அந்தத் துளிர்கள் உள்ளே வேரூன்றாமல் தண்டின் வெளி அடுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வளர்பவை. சில வருஷத்தில் அவையே பருத்த கிளையாகி முதல் காற்றுக்கு முறியும். ஒரே வருஷத்தில் உயிருள்ள தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 'மொட்டையடிச்சுக் கொடுங்க' என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கி, அந்த வேலையை விட்டுவிட்டு வரத் தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இப்போது முதல் பயம். விழுவது, அறுபடுவது, ஷாக் அடிப்பது மூன்றும் நிஜம். செயின் ரம்பத்தில் சங்கிலி ஓடும் நீளத் தகட்டின் முனையில் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் ஆள் முகத்தை நோக்கித் துள்ளும். அதனால் ஒற்றைக் கையில் பிடிப்பதோ தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதோ கூடாது. இதற்கென்றே விற்கும் கால்சட்டையில் உள்ளே நார் அடுக்கு இருக்கும். சங்கிலி பட்டதும் நார் சிக்கி மெஷினையே நிறுத்திவிடும். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கால் செருப்போடு மரத்தில் நிற்பவரின் கீழ் உங்கள் பையன் வேலை பார்க்கிறான் என்றால் நாளையிலிருந்து அனுப்பாதீர்கள், அது மாமாவாக இருந்தாலும். கம்பி பக்கத்தில் போகும் மரத்தில், மின்வாரியம் லைனை நிறுத்திவிட்டோம் என்று உறுதி சொல்லாமல் ஏறவே கூடாது. "ஷட்டவுன் நாள்தானே" என்று நம்பி ஏறுவது மகா தப்பு, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் வழியாகவும் கரண்ட் திரும்பி வரும். மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று ஏறும் முன் பார்க்காததாலும் ஆட்கள் அடிபடுகிறார்கள். ஆசைப்பட்டு ரம்பம் வாங்கித் தரச் சொல்வான். முதலில் ஹெல்மெட், பெல்ட், கயிறு, கால்சட்டை. ரம்பம் கடைசியில். பதினெட்டு முடிந்ததும் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய்தான், இரண்டு லட்சம் வரை கவர் உண்டு. போதாதுதான், ஆனால் தொடக்கம்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜவ்வாது மலையை ஒட்டிய நம் பக்கத்தில் சந்தனம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்ட முடியும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சாலையோரப் புளி யாருடையது, புறம்போக்கு மரம் யாருடையது என்று கேட்காமல் கத்தி வைப்பவர் ஒரு நாள் ஸ்டேஷனில் உட்காருவார்.

படிப்புக்கு வருகிறேன். மரப் பராமரிப்புக்கு மிக அருகில் இருக்கும் பட்டம் வனவியல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு வருஷம். உயிரியல் குரூப் எடுத்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் விண்ணப்பிக்கலாம். தோட்டக்கலை இரண்டாவது தேர்வு. அவன் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடாதீர்கள். கட்ஆஃப் எட்டாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் படிக்கட்டும். லீவில் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், மாவில் தண்டுத் துளைப்பான், தென்னையில் சிவப்புக் கூன்வண்டு, வேம்பில் நுனிக்கருகல் இதையெல்லாம் நேரில் அடையாளம் காணப் பழகட்டும். மழைக்காலம் வந்தால் வேம்பு காய்ந்துவிட்டது என்று பதறி வெட்டச் சொல்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அது பெரும்பாலும் பூசணம் கொண்டுவரும் கருகல், பல மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். இந்த ஒன்றைச் சொல்லத் தெரிந்தாலே பல மரம் பிழைக்கும்.

வெளிநாட்டுக் கனவை இப்போதைக்கு ஒத்திப்போடச் சொல்லுங்கள். வளைகுடாவில் தோட்ட வேலை என்று ஏஜென்ட் யாராவது வந்தால், அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

முடிவு வரும்வரை இந்த லீவில் அவன் செய்ய ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் இருக்கும் மரங்களில் பத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதட்டும். என்ன மரம், மார்பளவு உயரத்தில் சுற்றளவு எவ்வளவு, அடியில் என்ன தெரிகிறது, பழைய வெட்டு மூடியிருக்கிறதா, கீழே யார் உட்காருகிறார்கள், என்ன செய்யலாம், மறுபடி எப்போது பார்க்க வேண்டும். வேண்டுமானால் மாமாவையும் கூட வைத்துக்கொள்ளட்டும். எழுதி முடித்ததும் நோட்டோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 'வெட்டலாம்' என்று எத்தனை மரத்துக்கு எழுதியிருக்கிறான் என்று பார்த்துவிட்டு, இன்ஜினியரிங்கா இதுவா என்று அப்போது பேசலாம்.