சிறு பறவைக்கு எந்த கேமரா?

கேள்வி: என்னிடம் கேனான் 80டி கேமராவும் 100-400 மி.மீ. லென்ஸின் இரண்டாம் பதிப்பும் இருக்கின்றன. மீன்கொத்தி, தேன்சிட்டு போன்ற சிறு பறவைகளையே அதிகம் எடுக்கிறேன். விடிகாலைப் படங்களில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான கரகரப்பு) மிகுதி. பறக்கும் பறவைமேல் ஃபோகஸ் நிற்பதில்லை. லென்ஸை மாற்ற இப்போது வழியில்லை. கேனானின் ஆர்7 வாங்கலாமா, ஃபுல் ஃபிரேமான (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள) ஆர்6 மார்க் 2-க்குப் போகலாமா?

பதில்: லென்ஸ் மாறாது, பறவையும் பக்கத்தில் வராது என்றால் ஆர்7 வாங்குங்கள். ஃபுல் ஃபிரேம் வாங்கினாலே நாய்ஸ் ஒழிந்துவிடும் என்று நம்பி வாங்கிவிட்டுப் பலர் மனம் நொந்துபோகிறார்கள். ஆகவே அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பறவையிடமிருந்து வரும் ஒளியை வாங்கிக்கொள்வது லென்ஸின் வாய். அதே 400 மி.மீ., லென்ஸ் துளையின் அளவு அதே எஃப் 5.6, அதே தூரம், அதே ஷட்டர் வேகம் என்றால், சென்சாரில் விழும் பறவை உருவத்தின் அளவு இரண்டு கேமராவிலும் ஒன்றுதான். அந்த உருவத்துக்குக் கிடைக்கும் ஒளியும் ஒன்றுதான். ஃபுல் ஃபிரேமில் கூடுதலாகப் பதிவது சுற்றியுள்ள கிளையும் இலையும். அவற்றைப் பிறகு வெட்டி எறியத்தான் போகிறீர்கள். வெட்டியபின் நிற்கும் படத்தில் நாய்ஸ் ஏறக்குறைய ஆர்7 படத்தில் இருக்கும் அளவுதான் இருக்கும். இழப்பு நுணுக்கத்தில் வரும். ஆர்6 மார்க் 2-இன் 24.2 மெகாபிக்சலை ஏபிஎஸ்-சி அளவுக்கு, அதாவது ஆர்7-இன் சிறிய சென்சார் அளவுக்கு, வெட்டினால் சுமார் 9.5 மெகாபிக்சல் மிஞ்சும். ஆர்7 அதே பரப்பில் 32.5 மெகாபிக்சல் தருகிறது. தேன்சிட்டின் கழுத்து இறகுகளைத் தனித்தனியாகக் காண விரும்புகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். நீங்கள் அந்தியில் மான்கூட்டத்தை எடுப்பவராக, ஃபிரேமை நிறைக்க முடிந்தவராக இருந்தால் தயங்காமல் ஆர்6 மார்க் 2 என்று சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு உண்மையான மகிழ்ச்சி ஃபோகஸில் கிடைக்கும். 80டி-யின் 45 ஃபோகஸ் புள்ளிகளும் ஃபிரேமின் நடுப்பகுதியில் குவிந்தவை. ஆர்7 ஏறக்குறைய ஃபிரேம் முழுதும் பறவையை அடையாளம் கண்டு, கண்ணைத் தேடிப் பிடிக்கும். உங்கள் பழைய வகை லென்ஸை அடாப்டர் (இணைப்பு வளையம்) வழியாக மாட்டினாலும் இது வேலை செய்யும். அந்த அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, எனவே ஒளி இழப்பும் இல்லை. அடர்ந்த கிளைகளுக்குள் மட்டும் ஃபோகஸ் பின்னால் தாவக்கூடும். அங்கே ஃபோகஸ் பகுதியைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

ஆர்7-இன் குறையையும் மறைக்க மாட்டேன். அதன் சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க நொடியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் என்பது காதுக்கு இனிமைதான், ஆனால் படபடக்கும் சிறகு அதில் வளைந்து நெளிந்து பதியும். பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரின் 15 படமே போதும். ரா கோப்புகளில் (பதப்படுத்தாத மூலப் பதிவுகளில்) எடுத்தால் அந்த வேகத்திலும் மூன்று நான்கு நொடிகளில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்துவிடும். சி-ரா எனும் சுருக்கிய ரா வடிவமும் யுஎச்எஸ்-2 எனும் வேகமான மெமரி கார்டும் இதைச் சற்றுத் தணிக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காமல் சிறு சிறு தொடர்களாக எடுத்துப் பழகுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. கெட்டுப்போன உங்கள் படங்களில் ஐம்பதைத் திறந்து ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். துள்ளும் சிட்டை 1/250-இல் எடுத்திருந்தால் குற்றம் ஃபோகஸுடையது அல்ல. 1/1000-க்கு மேல் போய், ஐஎஸ்ஓ-வை (ஒளி உணர்திறன் அளவை)த் துணிந்து உயர்த்திப் பாருங்கள். ஐஎஸ்ஓ-வைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் நாய்ஸ் குறையாது. 80டி-யில் பல சமயம் கூடத்தான் செய்யும். வேகம் சரியாக இருந்தும் பறவைக்குப் பின்னாலுள்ள இலைதான் துல்லியமாக இருக்கிறது என்றால், கேமராவை மாற்ற அதுவே போதிய காரணம்.

80டி-யின் எல்பி-இ6என் பேட்டரிகள் ஆர்7-இலும் பொருந்தும். ஆர்7 போன்ற மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமரா பேட்டரியை வேகமாகத் தீர்க்கும் என்பதால் பழையவற்றை விற்றுவிடாதீர்கள்.