பெருக்க வேண்டாம், பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்

கேள்வி: "அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால், எத்தனை எண்களோ அந்த எண்ணிக்கையை விடப் பெரிய பகாக் காரணி ஒன்று எப்போதும் இருக்கும்" என்று மகளின் கோச்சிங் நோட்ஸில் இருக்கிறது. 2×3×4 = 24; இதில் 3-ஐ விடப் பெரிய பகாக் காரணி இல்லையே? 90 முதல் 96 வரை ஒரு பகா எண்கூட இல்லை. விதி தப்பா?

பதில்: விதி சரி. நோட்ஸ் போட்டவர் பாதியை விழுங்கிவிட்டார். இது 1892-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சில்வெஸ்டர் நிறுவிய தேற்றம். 1934-இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் எர்டோஷ் எளிய வழியில் மறுபடி நிறுவினார். முதல் எண், எண்ணிக்கையை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உங்கள் கணக்கில் எண்ணிக்கை 3, தொடக்கம் 2. அங்கே தேற்றம் எந்த உறுதியும் தரவில்லை.

பிள்ளைகள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். நிபந்தனை பொருந்தாவிட்டால் பெரிய காரணி வரவே வராது என்று எழுதிவிடுகிறார்கள். 4 முதல் 10 வரை ஏழு எண்கள்; மிகப் பெரிய பகாக் காரணி 7, அதைத் தாண்டவில்லை. 5 முதல் 11 வரையும் ஏழு எண்கள்தான், தொடக்கமும் சிறியதுதான். ஆனால் 11 இருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம். ஏழு எண்களுக்கு, தொடக்கம் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உறுதி.

அப்புறம் 90–96. வரிசைக்குள் பகா எண் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏதாவது ஓர் எண்ணுக்குக் காரணியாக இருந்தால் போதும். 93 = 3×31, 94 = 2×47. மிகப் பெரிய பகாக் காரணி 47, எண்ணிக்கையான 7-ஐ விடப் பெரிது.

இதைப் பார்த்துவிட்டு "இரட்டை எண்ணைப் பாதியாக்கு" என்று ஒரு குறுக்குவழியை விற்கிறார்கள். தயவுசெய்து காசு கொடுத்து ஏமாறாதீர்கள். 48, 49, 50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 48-இல் பாதி 24, 50-இல் பாதி 25, இரண்டுமே பகா எண் இல்லை. 48-இல் 2, 3, 49-இல் 7, 50-இல் 2, 5. மிகப் பெரிய பகாக் காரணி வெறும் 7. "எண் பெரிதானால் காரணியும் பெரிதாகும்" என்பதும் பொய். 4374 = 2×3⁷, 4375 = 5⁴×7. இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடியே தொண்ணூற்றொரு லட்சத்தைத் தாண்டும். மிகப் பெரிய பகாக் காரணி அப்போதும் 7தான்.

நாலு விடையில் ஒன்றுக்கு டிக் அடிக்க வைக்கும் தேர்வுமுறை இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. நிபந்தனை எழுதினால் மார்க் உண்டு என்றிருந்தால், அதை யார் விழுங்குவார்கள்? உங்கள் மகள் முதலில் தொடக்க எண்ணையும் எண்ணிக்கையையும் ஒப்பிடட்டும். பிறகு ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகக் காரணிப்படுத்தட்டும். பெருக்கற்பலனைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை.