பொடி உருகும்போது செயின் ஏன் உருகவில்லை?

கேள்வி: அறுந்த செயினைப் பத்தரிடம் கொடுத்தேன். தங்கப் பொடி வைத்து ஊதி ஒட்டிக் கொடுத்தார். பொடியும் தங்கம், செயினும் தங்கம். பொடி மட்டும் எப்படி உருகியது? (திண்டுக்கல் வாசகி)

பதில்: கேள்வியைப் படித்ததும் அப்பாவின் பட்டறை கண்முன் வந்துவிட்டது. அவர் நகைத் தொழிலாளி. நான் வேதியியல் வாத்தியாரானதே அந்தப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததால்தான்.

அம்மா, உங்கள் செயினும் சுத்தத் தங்கம் இல்லை, அந்தப் பொடியும் இல்லை. சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்புக்கு 1085. இரண்டையும் கலந்தால் நடுவில் ஓர் எண் வரும் என்றுதானே நினைப்போம்? வராது. எடையில் 80 பங்கு தங்கத்தோடு 20 பங்கு செம்பு சேர்த்தால் சுமார் 910 டிகிரியிலேயே உருகிவிடும்!

நெல்லிக்காயை மட்டும் தட்டில் அடுக்கினால் நெருக்கமாக உட்காரும். நடுநடுவே சுண்டைக்காயைப் போட்டால் அடுக்கு குலையும். தங்க அணு பெரியது, செம்பு அணு சிறியது. ஒழுங்காக அடுக்கி உட்காராத அணுக்களைப் பிரிக்கக் குறைந்த சூடு போதும்.

உங்கள் செயின் 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். பொடியில் செம்பும் வெள்ளியும் செயினில் இருப்பதைவிடக் கூடுதல், அதனால் அது முந்திக்கொண்டு உருகும். இரண்டு உருகுநிலைக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் பத்தரின் தொழிலே நடக்கிறது.

அப்பா இணைப்பில் வெங்காரம் (போராக்ஸ் உப்பு) தடவிப் பொடியை வைப்பார். ஊதுகுழலால் ஊத ஊத வெங்காரம் முதலில் பொரிந்து நுரைக்கும், அப்புறம் கண்ணாடிபோல் படியும். சூட்டில் செம்பு கறுக்காமல் அதுதான் காக்கும். பிறகு பொடி பளிச்சென்று ஒரு துளியாகி, சட்டென்று இணைப்புக்குள் ஓடி மறையும். அந்தக் கணத்தில் குழலை எடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு வயதில் நான் எடுக்கவில்லை. மூன்று நாள் வேலை பார்த்த கொலுசின் வளையம் ஒன்று கண்ணெதிரே உருண்டையாகிப் போனது. அப்பா திட்டவில்லை, உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து, “நிறத்தைப் பாருடா, நேரத்தைப் பார்க்காதே” என்றார்.

பிற்பாடு பொடியில் கேட்மியம் சேர்த்தார்கள். கேடிஎம் நகை என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். கேட்மியம் 321 டிகிரியிலேயே உருகும் உலோகம், ஒட்டுவது சுலபம். ஆனால் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நகை போடுகிறவருக்கு அதனால் பெரிய தொந்தரவில்லை, குழலோடு குனிந்து உட்காருகிறவருக்குத்தான் எல்லாம். அடுத்த முறை பத்தரிடம் போனால் பொடியில் என்ன சேர்க்கிறார் என்று அக்கறையோடு கேளுங்கள். துத்தநாகம் சேர்த்த பொடி இருக்கிறது.

கேள்வி: மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் ஏன் உறைவதில்லை? (தென்காசி வாசகர்)

பதில்: இதுவும் அடுக்கும் கதைதான். தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கிய விறகுக் கட்டைபோல் ஒட்டிப் படுத்து, 24 டிகிரி வாக்கிலேயே கெட்டியாகிவிடும். நல்லெண்ணெயில் பல சங்கிலிகள் நடுவில் வளைந்தவை, நெருங்கிப் படுக்க முடியாது. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்து பாருங்கள், உறைவது தள்ளிப்போகும்.