படகுக்குள் ஸ்டிக்கர் வால்பேப்பர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் படகின் கேபின் பழைய மரப்பலகைகளால் இருண்டு கிடக்கிறது. பெயின்ட் வேலையில் இறங்காமல், பிறகு உரித்துவிடக்கூடிய ஸ்டிக்கர் வால்பேப்பரைச் சுற்றிலும் ஒட்டிவிடலாமா?

பதில்: சுற்றிலும் வேண்டாம். கேபினைக் குறுக்கே பிரிக்கும் தடுப்புச் சுவர், அதாவது பல்க்ஹெட், இதற்கு மிகவும் தோதான இடம். லாக்கர் கதவுகளின் முகப்பும் நல்ல இடம்தான். இவற்றின் இரண்டு பக்கமும் கேபின் காற்றுதான் என்பதால் அதிகம் வியர்க்காது.

படகின் உடற்சுவர் வேறு ரகம். அதன் மறுபக்கம் தண்ணீர், அல்லது வெளிக்காற்று. உள்ளே சமைக்கும்போதும் உறங்கும்போதும் சேரும் ஈரம் அந்தக் குளிர்ந்த ஃபைபர்கிளாஸ் சுவரில் பட்டு நீர்த்துளியாக நிற்கும். இந்த ஸ்டிக்கர் தாள் பெரும்பாலும் வினைல் என்னும் பிளாஸ்டிக்; அது ஈரத்தை ஊடுருவ விடாது. ஓர் இணைப்பு வழியாகப் பின்னால் புகுந்த நீர் காய வழியில்லாமல் அங்கேயே கிடந்து கரும்பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். படகில் கசிவு முதலில் கறையாகத்தான் தலைகாட்டும். ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலை, பாய்மரப் படகானால் பாய்மரக் கம்பிகளைப் பிடித்திருக்கும் செயின்பிளேட் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், இவற்றையெல்லாம் மூடினால் அந்தக் கறையையும் மூடியவர்கள் ஆவீர்கள். பல்க்ஹெட் உடலோடு சேரும் விளிம்பில் ஓடும் ஃபைபர் பட்டையில் விரிசல் விழுந்தால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே தாளை அதற்கு இரண்டு விரற்கடை முன்பே நிறுத்துங்கள். காற்றுத் துவாரங்களையும் பரிசோதனை மூடிகளையும் தாளால் மூடவே கூடாது.

ஒட்டும் முன் பலகையை, குறிப்பாக அடி விளிம்பை, ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டாலோ, நகம் அழுந்தினாலோ பிளைவுட் ஊறியிருக்கிறது. முதலில் கசிவை அடைத்துப் பலகையைச் சரிசெய்யுங்கள், தாள் அப்புறம்.

கேள்வி: சமையல் மூலைக்கும் கழிவறைக்கும்?

பதில்: அடுப்பைச் சுற்றி வேண்டவே வேண்டாம். வினைல் சூட்டில் சுருங்கும், தீப்பிடித்தால் நச்சுப்புகை விடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுதான் சரி. அடுப்பிலிருந்து விலகிய பலகைகளுக்கும் கழிவறைக்கும் துடைத்தெடுக்க வசதியான வினைல் பொருந்தும், நல்ல காற்றோட்டம் இருந்தால். படுக்கைப் பகுதிக்குத் துணி போன்ற பாலியஸ்டர் தாளை எடுங்கள். வினைல் அளவுக்கு அது ஈரத்தை அடைத்து வைக்காது.

கேள்வி: 120 செ.மீ. அகலம், 180 செ.மீ. உயரமுள்ள ஒரு தடுப்புச் சுவருக்கு எத்தனை ரோல் வாங்க வேண்டும்? பரப்பளவைக் கணக்கிட்டால் ஒரு ரோலே போதும் போலிருக்கிறதே.

பதில்: பரப்பளவுக் கணக்கு இங்கே ஏமாற்றும். 45 செ.மீ. அகலமும் 5.5 மீட்டர் நீளமும் உள்ள ரோல் என்று வைத்துக்கொள்வோம். 120 செ.மீ. அகலத்துக்கு மூன்று பட்டைகள் வேண்டும். மேலும் கீழும் வெட்ட 5 செ.மீ. வீதம் விட்டால் பட்டை ஒன்றுக்கு 190 செ.மீ. மூன்றுக்கு 570. இருப்பதோ 550. வெறும் 20 செ.மீ. குறைவதால் இரண்டாவது ரோல் வந்துவிடுகிறது. தாளில் 53 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பிவரும் பூ வடிவம் இருந்தால், வடிவம் பொருந்த ஒவ்வொரு பட்டையையும் 212 செ.மீ. ஆக வெட்ட வேண்டும். அப்போது ஒரு ரோலில் இரண்டு பட்டைதான். மிச்சத்தை லாக்கர் கதவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ரோலும் ஒரே தயாரிப்பு எண் கொண்டவையா என்று வாங்கும்போதே பாருங்கள். எண் மாறினால் நிறம் லேசாக மாறலாம்.

கேள்வி: போன முறை ஒட்டியது ஒரே வாரத்தில் மேலிருந்து உரிந்து தொங்கியது. மலிவான தாள்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் தாள் மேல் குற்றம் இருக்காது, அதன் அடியில் இருந்ததுதான் காரணம். படகின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும்: உப்பு, டீசல் புகையின் எண்ணெய், சமையல் பிசுக்கு, மெழுகுப் பாலிஷ். இந்தப் பசை அழுத்தத்தால் பரப்பைப் பற்றிப் பிடிக்கும் வகை. நடுவில் மெழுகு இருந்தால் அது மெழுகைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த நன்னீரால் கழுவுங்கள். பிறகு வெறும் நன்னீரால் இரண்டு முறை துடையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பக்கத்தில் அக்ரிலிக் ஜன்னல் இருந்தால் ஆல்கஹால் அதில் படக்கூடாது, நுண்விரிசல் விழுந்துவிடும்.

தேக்கு எண்ணெய் பூசிய மரத்தில் எதுவும் நிற்காது. பூசாத பிளைவுட்டும் ஆகாது: பசை நாரோடு கலந்து, உரிக்கும்போது மேல்தோலையும் இழுத்துவரும். வார்னிஷோ பெயின்ட்டோ அடித்துக் காய்ந்த பரப்பு வேண்டும். புதிதாக அடித்ததென்றால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பாமல், நான்கு வாரம் பொறுங்கள். உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை மறைவான மூலையில் ஒட்டி மூன்று நாள் கழித்து உரித்துப் பார்த்தால், பிடிக்கிறதா, பிடித்தது விடுகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: ரசமட்டம் வைத்துக் கோடு போட்டேன். ஒட்டி முடித்துப் பார்த்தால் எல்லாம் சாய்ந்து தெரிகிறது!

பதில்: மிதக்கும் படகில் ரசமட்டத்துக்கு வேலையே இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் நிறைந்திருந்தாலே படகு சாயும், குமிழியும் நகரும். கேபினுக்குள் கண் எதை வைத்துச் சாய்வைப் பார்க்கும்? கதவுச் சட்டத்தையும் தரையையும்தான். கதவுச் சட்டத்திலிருந்து மேலும் கீழும் ஒரே தூரம் அளந்து முதல் கோட்டைப் போடுங்கள். பட்டைக் கோடுகள் உள்ள டிசைனைத் தவிர்ப்பது நல்லது. நேர்கோணமே இல்லாத இடத்தில் அது ஒவ்வொரு கோணலையும் காட்டிக்கொடுக்கும்.

உடலை ஒட்டிய வளைந்த விளிம்புக்கு நேரடியாகத் தாளை வெட்டாதீர்கள். அட்டையை அருகே நிறுத்தி, கவராயத்தின் ஒரு காலைச் சுவரில் ஓட்டி, மறுகாலில் உள்ள பென்சிலால் வளைவை அட்டையில் இறக்குங்கள். அட்டை பொருந்திய பிறகு தாள்.

ஒட்டும்போது மேலே 15 செ.மீ. மட்டும் பின்தாளை உரித்துப் பொருத்துங்கள். பிறகு ஒரு கையால் பின்தாளைக் கீழே இழுத்தபடி, மறு கையால் துணி சுற்றிய ஸ்க்வீஜியை, அதாவது தேய்த்துச் சமன்செய்யும் தட்டைப் பட்டையை, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். அடுத்தடுத்த பட்டைகளின் ஓரங்களை 3 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுங்கள்; வினைல் நாளடைவில் லேசாகச் சுருங்குவதால், முட்டவைத்து ஒட்டிய இணைப்பு வாய் பிளக்கும். கத்தியின் நுனியை அடிக்கடி ஒடித்துப் புதிதாக்குங்கள். மழுங்கிய நுனி தாளைக் கிழிக்கும். 15 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பசை பிடிக்காது, வெயிலில் தாள் நீளும்.

கேள்வி: மூலை வளைவில் ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்து ஒட்டலாமா? ஓரங்களுக்கு சிலிகான் வைக்கலாமா?

பதில்: ஒரு திசையில் மட்டும் வளையும் இடத்தில் லேசாகச் சூடாக்கலாம். கிண்ணம் போல இரு திசையில் வளைந்த இடத்தில் இந்தத் தாள் நிற்காது. இழுத்து ஒட்டியது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அங்கே ஓர் ஓரச்சட்டம் வைத்து முடித்துவிடுங்கள். டிரையரைக் கரையிலிருந்து இழுத்த மின் இணைப்பில் போடுங்கள். 1500 வாட் டிரையரை 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

சிலிகான் வேண்டாம். அதன் மிச்சம் பரப்பில் தங்கிவிட்டால் பிறகு அங்கே பெயின்ட்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. மெல்லிய மரச்சட்டத்தை ஸ்குரூவால் பொருத்துங்கள், கழற்றவும் எளிது.

கேள்வி: கூரையில் ஸ்பாஞ்சு வைத்த வினைல் உறை இருக்கிறது. அதன் மேலேயே ஒட்டலாமா?

பதில்: கூடாது. அந்த உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மேலே கசிந்து பசையை இளக்கிவிடும்.

கேள்வி: சில வருடம் கழித்து உரிக்கும்போது கறையில்லாமல் வருமா?

பதில்: பசை நாளாக ஆக இறுகும், வெயில் படும் இடத்தில் இன்னும் அதிகமாக. மேல் மூலையை டிரையரால் இளஞ்சூடாக்கி, தாளைத் தன் மேலேயே மடித்தபடி சுவரை ஒட்டி மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பசை சுவரில் தங்கும், வார்னிஷும் பெயரும். தங்கிய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, துடையுங்கள். அசிட்டோன் வார்னிஷையே கரைத்துவிடும். மரத்தில் அதை எடுக்காதீர்கள்.